காருக்கு அடியில் ஒரு நூற்றாண்டு: என்ஜின் ஆயில் மாற்றிய கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பழைய மாருதி 800-க்கு ஆயில் மாற்ற வேண்டிய நாள். வழக்கமாக மாற்றும் மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டார். "மெக்கானிக்கல் படிக்கிறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிற, ஒரு போல்ட்டைக் கழட்டத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார் அப்பா. மானப் பிரச்சினை ஆகிவிட்டது!

இருபது நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். முழங்கை வரை கறுப்பு. ஆனால் வேலை முடிந்தது. அம்மா துணி ஊற வைக்கும் பழைய பேசின் நிறையத் தார் மாதிரி ஆயில் நின்றது.

"இதை என்னப்பா பண்றது?" என்றேன்.

"வேலி ஓரமா ஊத்திடு. கரையானாவது சாகும். உங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான்."

வேலியிலிருந்து பத்தடி தூரத்தில் எங்கள் கிணறு இருக்கிறது. அதில்தான் குளிக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். எனக்குக் கை வரவில்லை. ஒரு கேனில் ஊற்றி மூடி, ஷெட்டில் வைத்துவிட்டு, அன்று ராத்திரி இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தால், இதே கேள்வி அமெரிக்காவிலேயே பல காலம் விடை இல்லாமல் கிடந்திருக்கிறது. அந்தக் கதைதான் இது.

மாற்றவே தேவைப்படாத ஆயில்

முதல் ஆச்சரியம்: மிகப் பழைய கார்கள் பலவற்றில் ஆயில் மாற்றுவது என்ற வேலையே கிடையாது. சின்னக் கண்ணாடிக் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஆயில் பேரிங்குகளுக்குப் போகும். வேலை செய்த ஆயில் பாதி எரிந்து புகையாகும், மீதி ரோட்டில் சொட்டும். திரும்பி வராது. நம்மூர் டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு, ஒரே ஆயிலைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் என்ஜின்கள் வந்தன. ஆயில் மிச்சமானது, ஆனால் அழுக்கும் உள்ளேயே சுற்ற ஆரம்பித்தது. தேய்ந்த உலோகத் துகள், ரோட்டுப் புழுதி, கரி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் எரியாத பெட்ரோல், ஈரம் எல்லாம் அதே ஆயிலில் சேரும். ஆக, ஆயிலை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் ஆயில் மாற்றும் வேலை பிறந்தது.

ஆரம்ப காலத்தில் தாவர எண்ணெயும் போட்டியில் இருந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டின் கம்பெனி 1909-ல் அறிமுகப்படுத்திய ஆயிலில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருந்தது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் காஸ்டர். அதிலிருந்து வந்த பெயர்தான் காஸ்ட்ரால்! ஆமணக்கு எண்ணெய் நன்றாக வழுக்கும், ஆனால் சூட்டில் நாளாக ஆகப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் சாதாரண கார்களில் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த ஆயிலே நிலைத்தது.

மண்ணெண்ணெய் ஊற்றி அலசு

1908 முதல் 1927 வரை ஃபோர்டு கம்பெனி ஒன்றரைக் கோடிக்கும் மேல் மாடல் டி கார்களை விற்றது. வாங்கியவர்களில் ஏராளமானோர் விவசாயிகள். பக்கத்தில் மெக்கானிக் இல்லாத ஊர்கள். அதனால் காரோடு கொடுத்த கையேடு, கேள்வி பதில் வடிவில், எல்லா வேலையையும் சொந்தக்காரருக்கே சொல்லிக் கொடுத்தது.

மாடல் டி என்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. ஃபில்டர் கிடையாது. டிப்ஸ்டிக்கும் கிடையாது. சுழலும் ஃப்ளைவீல் ஆயிலை வாரி இறைக்கும், அதில் கொஞ்சம் ஒரு குழாய் வழியாக முன்பக்கம் ஓடும், அவ்வளவுதான். ஆயில் அளவு பார்க்க, அடியில் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் குழாய்கள். மேல் குழாயைத் திறந்தால் வரக்கூடாது, கீழ்க்குழாயைத் திறந்தால் வர வேண்டும். இதற்காக ஒவ்வொரு தடவையும் காருக்கு அடியில் ஊர்ந்து போக வேண்டும்.

கையேட்டின்படி புதுக் காரில் 400 மைல் ஓடியதும் ஆயிலை இறக்க வேண்டும். பிறகு சுமார் 750 மைலுக்கு ஒரு தடவை, அதாவது 1200 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. ஆயிலை இறக்கிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி, என்ஜினைக் கையால் பதினைந்து இருபது சுற்றுச் சுற்றி அலசி, அதையும் இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். நான் ஒரு தடவை செய்வதற்கே மூச்சு வாங்கினேன்!

வடிகட்டியும் நம்பரும்

இந்தத் தொல்லையைக் குறைத்தவர் எர்னெஸ்ட் ஸ்வீட்லேண்ட். ஓடும் என்ஜினிலேயே ஆயிலை வடிகட்டும் கருவியை 1923-ல் உருவாக்கினார். 'சுத்தமான ஆயில் பின்னால் வரும்' என்ற பொருள்பட மூன்று ஆங்கிலச் சொற்களை ஒட்டி ப்யூரோலேட்டர் என்று பெயர் வைத்தார்கள். 1924-ல் வந்த க்ரைஸ்லர் காரில் அது இடம்பிடித்தது.

ஆனால் அந்தக் கால ஃபில்டர்களில் ஆயிலின் ஒரு சிறு பகுதிதான் ஒவ்வொரு சுற்றிலும் போகும். மீதி வடிகட்டாமலே பேரிங்குக்குப் போய்விடும். ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகவே போகும் முறை 1940-களுக்குப் பிறகுதான் பரவியது. அதில் ஒரு சிக்கல்: ஃபில்டர் அடைத்துக்கொண்டால் என்ஜினுக்கு ஆயிலே போகாது. அதற்காக ஒரு பைபாஸ் வால்வு வைத்தார்கள். அடைப்பு ஏற்பட்டால் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலை விடும். அழுக்கு ஆயில் கெடுதல், ஆயிலே இல்லாதது அதைவிடக் கெடுதல் என்ற கணக்கு.

இன்று நாம் கையால் திருகிக் கழற்றும் டப்பா வடிவ ஃபில்டர் 1950-களின் மத்தியில் வந்தது. அதற்கு முன் உறையைத் திறந்து, உள்ளே இருக்கும் மூலகத்தை மட்டும் எடுத்து, உறையைக் கழுவி மறுபடி மாட்ட வேண்டும். டப்பா ஃபில்டர் வந்ததும் வேலை எளிதானது: பழையதைத் திருகிக் கழற்று, புதியதன் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவு, வளையம் ஒட்டிய பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்கு. வீட்டு வாசலில் எவரும் ஆயில் மாற்றலாம் என்ற நிலைக்கு இந்தச் சின்ன டப்பா ஒரு பெரிய காரணம்.

ஆயில் டப்பாவில் இருக்கும் நம்பருக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க ஆட்டோமொபைல் என்ஜினியர்கள் சங்கம் 1911-ல் ஆயிலைக் கெட்டித்தன்மையை வைத்துத் தரம் பிரித்தது. பெரிய நம்பர் என்றால் கெட்டி ஆயில். '20 டபிள்யூ 40' என்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். குளிரில் 20 மாதிரி இளகியும், சூட்டில் 40 மாதிரி கெட்டியாகவும் நடந்துகொள்ளும் ஆயில் என்று அர்த்தம். இப்படிப்பட்ட ஆயில்கள் 1950-களில் பரவின. அதுவரை குளிர்நாடுகளில் பருவத்துக்குப் பருவம் ஆயிலையே மாற்றினார்கள்.

அழுக்கைக் கரைத்து மிதக்க வைக்கும் ரசாயனங்களும் ஆயிலில் சேர்ந்தன. "ஆயில் கறுத்துப்போச்சு, கெட்டுப்போச்சு" என்று நம்மூரில் சொல்வார்கள். உண்மையில் கரி என்ஜினில் ஒட்டாமல் ஆயிலில் மிதப்பதால்தான் அது கறுக்கிறது. அதாவது ஆயில் தன் வேலையைச் செய்கிறது! நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கார் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரைப் பார்க்க வேண்டும்.

வாசலுக்கு வந்த வேலை

மாடல் டி காலத்துக்குப் பிறகு இந்த வேலை மெதுவாகப் பெட்ரோல் பங்குக்குப் போனது. 1925-ல் மெம்ஃபிஸ் நகரத்துக்காரர் பீட்டர் லுனாட்டி, காரைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நின்றுகொண்டே காரின் அடிப்பாகத்தைப் பார்க்க முடிந்தது. பங்க் ஊழியர்கள் கண்ணாடி துடைத்து, காற்று பார்த்து, ஆயிலும் மாற்றிக் கொடுத்தார்கள்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. விலை ஏறியது. பல பங்குகள் மூடப்பட்டன. மிஞ்சியவற்றில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் முறை பரவியது. பெரிய கடைகளில் ஆயிலும் ஃபில்டரும் மலிவாகக் கிடைத்தன. பலரும் சனி, ஞாயிறுகளில் வாசலில் ஜாக்கி போட்டுத் தாங்களே ஆயில் மாற்றினார்கள். நாலு காசு மிச்சம், கூடவே "என் காரை நானே பார்த்துக்கிறேன்" என்ற பெருமை.

அந்தப் பெருமை எனக்கும் இப்போது புரிகிறது. ஆனால் வேலையைப் பங்கிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பழைய ஆயிலும் வீட்டுக்கு வந்தது. பங்கில் அதைச் சேர்த்து வைக்கத் தொட்டி இருந்தது. வீட்டில் என்ன இருந்தது?

குழி தோண்டச் சொன்ன பத்திரிகை

இதற்கு முன்னாலேயே ஒரு யோசனை அச்சில் வந்திருந்தது. பாப்புலர் சயன்ஸ் என்ற புகழ்பெற்ற பத்திரிகை 1963 ஜனவரியில் வாசகர்களுக்குச் சொன்ன வழி: தோட்டத்தில் ஒரு குழி தோண்டு, பொடிச் சரளை நிரப்பு, பழைய ஆயிலை ஊற்று, மண் போட்டு மூடு. அடுத்த முறை ஆயில் மாற்றுவதற்குள் நிலம் உறிஞ்சிவிடுமாம்.

இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. எங்கள் அப்பா சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நிலம் உறிஞ்சிய ஆயில் எங்கே போகும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போனால் தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

நிலம் மறைத்ததை ஒரு ஊர் வெளியே காட்டியது. மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற சின்ன ஊர். சுமார் இரண்டாயிரம் பேர். தெருக்களுக்குத் தார் போட வசதியில்லை, புழுதி தாங்கவில்லை. 1970-களில் ஒரு பழைய ஆயில் வியாபாரியிடம் சொல்லித் தெருக்களில் ஆயில் தெளித்தார்கள். அப்போது இது பல இடங்களில் சாதாரணமாக நடந்த விஷயம். ஆனால் அந்த வியாபாரி ஒரு ரசாயனத் தொழிற்சாலைக் கழிவையும் எடுத்து ஆயிலோடு கலந்திருந்தார். அதில் டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருந்தது. அவர் 1971-ல் ஆயில் தெளித்த ஒரு குதிரைக் கொட்டடியில் குதிரைகள் கூட்டமாகச் செத்தன.

1982 டிசம்பரில் டைம்ஸ் பீச்சில் வெள்ளம். மக்கள் வெளியேறிய அதே மாதத்தில் மண் பரிசோதனை முடிவும் வந்தது. திரும்பி வராதீர்கள் என்று அரசு சொல்லிவிட்டது. 1983-ல் ஊரையே அரசு விலைக்கு வாங்கியது. 1985-ல் டைம்ஸ் பீச் என்ற ஊரே சட்டப்படி இல்லாமல் போனது. மண்ணை எரித்துச் சுத்தம் செய்து, 1999-ல் அங்கே ஒரு பூங்கா திறந்தார்கள்.

நியாயமாகச் சொன்னால், அந்த ஊரைக் கொன்றது டையாக்ஸின், கார் ஆயில் அல்ல. ஆனால் பழைய ஆயிலில் எதைக் கலந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நிலைதான் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது.

கேனுக்கு வந்த மரியாதை

அமெரிக்காவில் பழைய ஆயில் மறுசுழற்சிச் சட்டம் 1980-ல் வந்தது. 1992-ல் விரிவான விதிகள் வந்தன. வீட்டில் ஆயில் மாற்றுபவர்கள் கொண்டுபோய்க் கொடுக்கச் சேகரிப்பு மையங்கள் பெருகின. ஃபில்டரைக்கூடத் தலையில் துளை போட்டு, சூட்டோடு கவிழ்த்து வடியவிட்ட பிறகுதான் இரும்புக்குப் போட வேண்டும் என்றார்கள்.

அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் இரண்டு கணக்குகள் எனக்கு மறக்காது. ஒன்று, ஒரு தடவை இறக்கும் ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடியது. இரண்டு, ஏறக்குறைய 2.4 லிட்டர் புது ஆயில் செய்ய 42 கேலன், அதாவது ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் வேண்டும். அதே அளவைப் பழைய ஆயிலிலிருந்து எடுக்க ஒரே ஒரு கேலன் போதும். ஆயில் தேய்வதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. சுத்தம் செய்தால் மறுபடி ஆயில்தான். கரையானுக்கு ஊற்ற நினைத்தது அவ்வளவு மதிப்புள்ள பொருள்!

நம் நாட்டிலும் பழைய ஆயில் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. தயாரிப்பாளர்களே பழைய ஆயிலைத் திரும்பச் சேர்க்கப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2023-ல் அறிவிக்கப்பட்டு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எங்கள் தெருவில் சேகரிப்பு மையம் எதுவும் இல்லை. ஆகவே கேள்வி மறுபடி என் பேசினுக்கே வந்து நின்றது.

மெக்கானிக் ஊரிலிருந்து திரும்பியதும் கேனை எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஷெட்டின் பின்னால் ஒரு பெரிய டிரம். அது நிறைந்ததும் உரிமம் வைத்திருக்கும் ஒருவர் வந்து எடுத்துப் போய் ரீஃபைனரிக்குக் கொடுப்பாராம். "நீங்களே மாத்தினீங்களா தம்பி?" என்று சிரித்தவர், வீட்டுக்கு வந்து டிரெயின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "வாஷர் புதுசு போட்டீங்களா?" போட்டிருந்தேன். "அடியில படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு போட்டுட்டுப் படுங்க" என்றார். அது மட்டும் செய்யவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் டைம்ஸ் பீச் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீர் இறைத்து, கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"அடுத்த தடவை கேன் நான் வாங்கித் தர்றேன்" என்றார்.