அன்னபூரணி அமெரிக்கா போன கதை

நம்ம கிருஷ்ணன்கோவில்ல எங்க நின்னு பார்த்தாலும் மலைதான். இன்னிக்குக் கதை கடல்ல.

யாழ்ப்பாணத்தோட வடக்குக் கரையில வல்வெட்டித்துறை. அந்த ஊர்ல கட்டின பாய்மரக் கப்பல் அன்னபூரணி. நீளம் வெறும் 89 அடி. அதை வாங்கினவர் ராபின்சன்னு ஒரு அமெரிக்கர். ஏற்கெனவே 32 அடிப் படகுல உலகத்தைச் சுத்தி வந்தவர்! கப்பலோட போனவங்கள்ல தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவர் ஊர்க்காரங்களும் உண்டு. தண்டையல்னா கப்பல் தலைவன். சூயஸ், மத்தியதரைக்கடல், அட்லாண்டிக் எல்லாம் தாண்டி, 1938 ஆகஸ்ட்ல மாசசூசெட்ஸ்ல இருக்கிற குளோஸ்டரைத் தொட்டாங்க. அதுவும் மீனவர் ஊர்தான்.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். கரை சேரும்போது கப்பலோட பேர் 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்'. வாங்கினவர் மனைவி பேர். நான் எழுதின கோடுல என் பேரை அழிச்சா சண்டைக்கே போயிடுவேன். வல்வெட்டித்துறையில கேட்டுப் பாருங்க, அது இன்னிக்கும் அன்னபூரணிதான்.