சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்: ஒரு படப்பிடிப்பு நிலையத்தின் வரலாறு

திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நடிகரையும் இயக்குநரையுமே நோக்குவர். படம் உருவாகும் நிலையத்தை நோக்குவோர் சிலரே. ஆயினும், ஒரு மொழியில் இக்கலை வேரூன்றுதற்கு அம்மொழி வழங்கும் நாட்டில் நிலையம் அமைதல் இன்றியமையாதது. இவ்வுண்மையைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931-இல் பம்பாயில் எடுக்கப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளிலும், படமெடுக்க விழைந்தோர் நடிகர் குழுவோடு பம்பாய்க்கோ கல்கத்தாவிற்கோ செல்லவேண்டியிருந்தது. 1934-இல் சென்னையில் சீனிவாசா சினிடோன் தோன்றிய பின்னரே இந்நிலை மாறத் தொடங்கிற்று. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர்; கல்கத்தா சென்று படமெடுக்கும் தொல்லையையும் அறிந்தவர். அவர் 1935-இல் சேலத்தில் ஏற்காடு செல்லும் சாலையருகே மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். அதன் முதற்படமாகிய ‘சதி அகல்யா’ 1937-இல் வெளிவந்தது.

இந்நிலையத்தின் சிறப்பு அதன் அமைப்பு முறையிலேயே உள்ளது. படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருளைக் கழுவிப் பதப்படுத்தும் கூடம் ஆகியன ஒரே வளாகத்தில் அமைந்திருந்தன. எழுத்தாளரும் தொழில்நுட்பக் கலைஞரும் மாதச் சம்பளம் பெற்றுப் பணியாற்றினர். ஆலையில் காணும் கால ஒழுங்கு இங்குக் கலைத்தொழிலிலும் பேணப்பட்டது. சுந்தரம் கற்ற தொழிற்கல்வியின் சாயலை இதிற் காணலாம்.

இவ்வொழுங்கு புதுமைக்குத் தடையாக நிற்கவில்லை. மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய ‘பாலன்’ 1938-இல் இந்நிறுவனத்தின் படைப்பாகவே வெளிவந்தது. 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். 1956-இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகும். மலையாளத்தின் முதல் வண்ணப்படமாகிய ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் 1961-இல் இந்நிறுவனத்தாராலேயே அளிக்கப்பெற்றது.

தமிழ் பயில்வோர் சிறப்பாகக் கருதத்தக்கது பிறிதொன்று உண்டு. குண்டலகேசியின் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய ‘மந்திரிகுமாரி’யும், பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் காவியத்தினின்று தோன்றிய ‘பொன்முடி’யும் 1950-இல் இங்கிருந்தே வெளிவந்தன. அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன் இவ்விரண்டின் இயக்கத்திலும் பங்கு கொண்டார். பழங்காப்பியக் கதையும் புதுக்கவிஞர் படைப்பும் பொதுமக்கள்பாற் சென்று சேர ஒரு மாவட்ட நகரத்து நிலையம் வாயிலாயிற்று.

எனினும், வலிமைக்கு ஏதுவாகிய ஒருவர் ஆட்சியே நலிவுக்கும் ஏதுவாயிற்று எனலாம். தாமே பல படங்களை இயக்கி, நிலையத்தின் அனைத்துத் துறைகளையும் நேரில் நடத்திவந்த சுந்தரம் 1963-இல் மறைந்தார். நடிகரும் கலைஞரும் சென்னையிலேயே நிலைத்துவிட்ட காலம் அது. தலைநகரினின்று தொலைவில் இருந்தமை முன்னர்த் தனித்தன்மை தந்தது. பின்னர்த் தனிமை தந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அளித்த அந்நிறுவனத்தின் பணி 1980-களில் ஓய்ந்தது. தளங்கள் மறைந்தன, முகப்பு வளைவே எஞ்சி நிற்கின்றது.

சுவடி அழியுமுன் படியெடுத்தல் நம் மரபு. படம் பிறந்த இடங்களின் வரலாற்றையும் அவ்வாறே பதிந்து காத்தல் வேண்டும். ஒரு வளைவு மட்டும் அவ்வரலாறு முழுவதையும் கூறிவிட இயலாது.