ஒலிவக் கட்டையில் செதுக்கிய சிலுவை

எருசலேமின் பழைய நகரத்திலே, யாப்பா வாசலுக்குச் சமீபமாக, ரஸ்ஸூக் என்னும் வம்சத்தார் பச்சை குத்துவதையே குலத்தொழிலாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். எகிப்து தேசத்துக் காப்டிக் கிறிஸ்தவர்களாகிய இவர்களுடைய முன்னோர் புண்ணிய பூமியில் குடியேறியபோது அந்தக் கைத்திறனையும் உடன்கொண்டு வந்தனர். சிலுவை, கிறிஸ்துவின் உயிர்ப்பு, கன்னி மரியாள், குதிரைமீது அமர்ந்து நாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜியார் என்று பலவகைச் சித்திரங்கள் செதுக்கப்பட்ட ஒலிவ மரக் கட்டைகளே அவர்களுடைய பிதிரார்ஜிதம். அவற்றுள் ஒன்றில் 1749 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது.

யாத்திரிகர் வந்து உட்கார்ந்ததும் முதலில் நடப்பது கட்டையைப் பொறுக்குதல். அதன் பிறகு நடப்பதை, 1697-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றை ஒட்டி எருசலேமில் தங்கியிருந்த ஹென்றி மாண்ட்ரெல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் நிதானமாகக் கவனித்து எழுதியிருக்கிறார். தேர்ந்தெடுத்த கட்டையில் கரித்தூள் பூசிக் கையில் பதிக்க, உருவத்தின் கோடுகள் தோலில் கறுப்பாக விழும். சேர்த்துக் கட்டிய மெல்லிய ஊசிகள் இரண்டை, வெடிமருந்தும் மாட்டுப் பித்தநீரும் கலந்ததாகச் சொல்லப்பட்ட மையில், எழுதுகோலைத் தோய்ப்பதுபோல அடிக்கடி தோய்த்து, அக்கோடுகள் நெடுகிலும் சிறு சிறு துளைகளாகக் குத்திக்கொண்டே போவார்கள். முடிவில் திராட்சரசத்தால் கழுவிவிடுவார்கள். அவருக்கு முன்னரே, 1658-இல், பெத்லகேமில் தம் கையை நீட்டிய தெவெனோ என்னும் பிரெஞ்சுப் பிரயாணியும் ஏறக்குறைய இதே கிரமத்தைத்தான் வருணிக்கிறார்.

அதிகமாக விரும்பப்பட்டது, நடுவே ஒரு பெரிய சிலுவையும் அதன் நான்கு மூலைகளில் நான்கு சிறு சிலுவைகளும் அமைந்த எருசலேம் சிலுவை. சிலுவைப்போர் வீரர்கள் 1099-இல் ஸ்தாபித்த ராஜ்யத்தின் விருதாக விளங்கிய இச்சின்னத்தின் ஐந்து சிலுவைகளையும் ஆண்டவரின் ஐந்து திருக்காயங்களாகக் கொள்வாரும், கிறிஸ்துவும் நான்கு சுவிசேஷகரும் என்று கொள்வாரும் உளர். எந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தாலும் கையில் விழுவது ஒரே கட்டைதான். தனக்கென்றே ஒரு நூதனமான சிலுவை வேண்டும் என்று தேடி அலைவது இக்காலத்தவர் ஆசை. அக்காலத்து யாத்திரிகனுக்கோ, தன் பாட்டன் கையில் கண்ட அதே சிலுவை தன் கைக்கும் கிடைப்பதிலேதான் பெருமை இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவனுக்கென்று தனியாக அமைந்தது சித்திரத்தின் அடியிலே குத்தப்படும் யாத்திரை ஆண்டு மட்டுமே. ஆர்மீனியர் இவ்வாறு திரும்பியவனை 'மஹ்தேசி' என்று பட்டம் சூட்டி அழைத்தனர். ஊராருக்கு அந்தக் கையே அத்தாட்சி.

சரீரத்தில் எழுத்துகளைக் குத்திக்கொள்ளலாகாது என்று லேவியராகமம் விலக்குகிறதே என்று கேட்கலாம். ஆனால் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த காஸா நகரத்துப் புரோகோபியஸ், ஏசாயா தீர்க்கதரிசனத்துக்கு எழுதிய வியாக்கியானத்திலேயே, மணிக்கட்டிலும் புஜத்திலும் சிலுவையையோ கிறிஸ்துவின் நாமத்தையோ பொறித்துக்கொள்ளும் விசுவாசிகளைப் பற்றிக் குறிப்பிடுகிறார். விலக்கும் வழக்கமும் அக்கம்பக்கத்திலேயே வாழ்ந்திருக்கின்றன. சமய சரித்திரத்தில் இது அபூர்வமன்று.

இந்த அடையாளத்துக்கு மிகக் கொடிய விலை கொடுத்தவர் வில்லியம் லித்கோ என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1612-இல் எருசலேமில் சிலுவையோடு தம் அரசர் ஜேம்ஸின் கிரீடத்தையும் குத்திக்கொண்ட அவர், 1620-இல் ஸ்பெயின் தேசத்து மலாகாவில் ஒற்றனென்று பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானபோது, மதவிரோதி அரசனுடைய பெயரும் முடியும் இருந்த அந்தத் தசையைக் கிழிக்குமாறு உத்தரவாயிற்று என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அரசகுமாரர்களுக்கோ இது உல்லாசம்: பின்னாளில் ஏழாம் எட்வர்டான இளவரசர் 1862-இல் எருசலேம் சிலுவையைக் குத்திக்கொண்டார், 1882-இல் அவர் மகன் ஜார்ஜும் அங்கே போய், தந்தைக்குக் குத்திய அதே கிழவனிடமே தானும் குத்திக்கொண்டதாகத் தாய்க்குக் கடிதம் எழுதினான்.

எகிப்தில் சங்கதியே வேறு. அங்கே காப்டிக் குழந்தைகளின் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் குத்தப்படும் சின்னஞ்சிறு சிலுவைக்கு அலங்காரமுமில்லை, ஆண்டுமில்லை. யாத்திரை போய் வந்ததை அது சொல்வதில்லை. பிறந்த குலத்தையும் சபையையும் சொல்கிறது. சிறுபான்மையாக வாழும் ஜனங்கள் எளிதில் மறைக்கக்கூடாத இடத்தில் அதைக் குத்திக்கொள்வதை, எருசலேமின் அத்தனை விஸ்தாரமான சித்திரங்களுக்கும் மேலாகவே நான் மதிக்கிறேன்.

1950-களில் ஜான் கார்ஸ்வெல் என்னும் ஆங்கில ஓவியர் யாக்கோப் ரஸ்ஸூக்கின் கட்டைகளைக் காகிதத்தில் பதித்து ஒரு நூலாக வெளியிட்டார். அந்த யாக்கோப்தான் மோட்டார் வண்டியின் பாட்டரியில் ஓடும் மின்சார ஊசியை எருசலேமுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தவர். கையால் குத்திய ஊசி போய்விட்டது. கட்டையை மையில் தோய்த்துத் தோலில் பதிக்கும் முதற்காரியம் அவருடைய கடையில் மாறவில்லை.