துரையின் ஆடுகளமும் தமிழன் கை மட்டையும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் புக்கிட் பாத்தோக்கில் அடுக்கு வீடுகளை அடுத்துள்ள ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் பக்கமாக நடந்து சென்றேன். கம்பி வேலிக்கு வெளியே ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவருடைய பேத்தி, பத்து வயதிருக்கும், சுவரில் பந்தடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். பந்து வேலியைத் தாண்டி விழும்போதெல்லாம் பெரியவர் விரைந்து சென்று எடுத்து, வேலிக்கு மேலாக எறிந்து கொடுப்பார். அவர் எறிந்த விதத்தில் பழகிய கையின் நேர்த்தி இருந்தது. பேச்சுக் கொடுத்தேன். ஜோகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் என்றும், சிறுவனாயிருந்தபோது துரை பங்களாவில் பந்து பொறுக்கியவர் என்றும் தெரியவந்தது.

“பந்து பொறுக்கத்தான் ஐயா அந்தக் களத்திலே கால் வைத்தோம். மட்டையைத் தொட்டதில்லை. நம்ம ஆள் யாராவது இந்த ஆட்டத்திலே பேர் எடுத்ததுண்டா?” என்று அவர் கேட்டார்.

உண்டு என்று சொன்னேன். ஆனால் வேலியோரத்தில் நின்று சொல்லி முடிக்கத்தக்க விடையன்று அது. அவரைப் போன்று கேட்பார் பலர் நம்மிடையே உள்ளனராதலின், அவ்விடையை இங்கே விரிவாக எழுதலானேன்.

பந்தும் பால்மரமும்

டென்னிஸ் என்பது துரைமார் ஆட்டம் என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் ஊறிக் கிடக்கிறது. அது காரணமின்றி எழுந்ததன்று. 1874ஆம் ஆண்டில் வால்ட்டர் விங்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயப் பட்டாளத்து அதிகாரி புல்தரை டென்னிசுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1877இல் லண்டனை அடுத்த விம்பிள்டனில் முதற்போட்டி நடைபெற்றது. அதற்கு முன்னரும் அரண்மனைச் சுவர்களுக்குள்ளே ஒருவகை டென்னிஸ் ஆடப்பட்டதுண்டு. ஆயினும் மயிரும் துணியும் திணித்த அக்காலத்துப் பந்து புல்லின்மேல் எழும்பாது. சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் 1839இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூட்டில் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்த பின்னரே, புல்லிலும் துள்ளி எழும் ரப்பர்ப் பந்து உண்டாயிற்று. ரப்பரில்லையேல் இன்றைய டென்னிஸ் இல்லை என்று சொல்லுவது மிகையாகாது.

அந்த ரப்பரைத் தந்தவர் யார்? விடியுமுன் எழுந்து, பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, கொசுக்கடியிலும் பனியிலும் மரம் சீவிப் பால் சுமந்த நம் பாட்டன் பாட்டிமார் அல்லரோ? டன்லப் கம்பெனி மலாயாவில் பெரும் ரப்பர்த் தோட்டங்களை உடைத்தாயிருந்தது. அதே கம்பெனி டென்னிஸ் பந்தும் செய்து உலகெங்கும் விற்றது. பந்துக்குள் நம் உழைப்பு இருந்தது. பந்தாடும் உரிமை மட்டும் நமக்கில்லை. லயத்துப் பிள்ளை பங்களாவின் களத்தில் நுழைந்தால், அது பந்து பொறுக்கவே.

பட்டணத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1852இல் தோன்றிய சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப், பாடாங் திடலின் ஒரு கோடியில், நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. வாசல் அடைபட்டிருக்கக் கண்ட பிற சமூகத்தார் தமக்கெனத் தனி வாசல் அமைத்துக் கொண்டனர். யூரேசியர் 1883இலும், நீரிணைச் சீனர் 1885இலும், இலங்கையர் 1928இலும் தத்தம் விளையாட்டுக் கழகங்களை நிறுவினர். இந்தியர் சங்கம் 1923இல் தோன்றியது. இக்கழகங்களில் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் ஓரளவு ஆட வாய்ப்புப் பெற்றனர். தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் எட்டாக் கனியே.

தந்தை தந்த கல்வி

இனித் தமிழகத்தைப் பார்ப்போம். தென்காசியைச் சேர்ந்த டி. கே. ராமநாதன் என்பவர் தாமே தேர்ந்த ஆட்டக்காரர். அவர் தம் மகன் கிருஷ்ணனுக்குத் தாமே ஆசானாகி நின்றார். 1937இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், 1951இல், பள்ளி மாணவனாயிருக்கும்போதே, கல்லூரி மாணவர்க்குரிய பெர்ட்ரம் பந்தயத்தில் தனி அனுமதி பெற்று ஆடி, வெற்றியும் பெற்றார். 1953இல் விம்பிள்டன் சிறுவர் பிரிவின் இறுதியாட்டத்தை எட்டித் தோற்றார். அடுத்த ஆண்டே மறுபடியும் சென்று, ஆஸ்திரேலியரான ஆஷ்லி கூப்பரை வென்று பட்டம் கொண்டார். அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

கிருஷ்ணன் பேருடல் வாய்ந்தவரல்லர். அவருடைய சர்வீஸ் இடியென விழுவதன்று. பந்து எங்கே விழவேண்டும் என்பதை அறிந்து, எதிரியின் வலிமையை எதிரிக்கே பகையாக்குவதே அவர் வித்தை. அவ்வித்தையைக் கொண்டு 1959இல் லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியில் நீல் ஃபிரேசரை வென்று பட்டம் பெற்றார். அவ்வாண்டே டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் ராட் லேவரையும் வென்றார். விம்பிள்டனில் 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அரையிறுதிவரை சென்றார். முதலாண்டு ஃபிரேசரிடமும் மறு ஆண்டு லேவரிடமும் தோற்றார். அவ்விருவரே அவ்வாண்டுகளில் பட்டம் வென்றவர்கள். 1961இல் அவரிடம் காலிறுதியில் வீழ்ந்தவரோ ராய் எமர்சன். பணத்துக்காக ஆடும் தொழில்முறைக் குழுவில் சேருமாறு ஜாக் கிராமர் பெருந்தொகை காட்டி அழைத்தபோதும் அவர் செல்லவில்லை. சென்றிருந்தால் அக்கால விதிப்படி நாட்டுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடும் உரிமையை இழந்திருப்பார்.

அவ்வாறு காத்துக்கொண்ட உரிமையின் பயன் 1966இல் விளங்கிற்று. கல்கத்தாவில் இந்தியாவும் பிரேஸிலும் மோதின. இரு தரப்பும் இரண்டிரண்டு ஆட்டங்களை வென்றிருந்த நிலையில், ஐந்தாம் ஆட்டத்தில் கிருஷ்ணன் தாமஸ் காக் என்பாரை எதிர்த்து நின்றார். மூன்று செட்டுகளில் இரண்டை இழந்தாயிற்று. நான்காம் செட்டிலும் 2-5 என்று பின்னடைவு. இனி வீட்டுக்குப் போகலாம் என்று கூட்டம் எழத்தக்க நேரம். அங்கிருந்து அவர் ஒவ்வொரு புள்ளியாக மீட்டு, அந்தச் செட்டை 7-5 என்றும் கடைசிச் செட்டை 6-2 என்றும் முடித்தார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றை அடைந்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றாலும், கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம், ரோச் என்னும் பெருஞ்சோடியை வீழ்த்தினர்.

நோயாளிப் பிள்ளை

“அது குல வித்தை, தகப்பன் வழி வந்தது” என்று சொல்லுவோர் உண்டு. பிறப்பே திறமையைத் தரும் என்னும் இப்பேச்சு நம் நாட்டில் எத்தனை அநீதிகளுக்குப் போர்வையாயிற்று என்பதை வாசகர்கள் அறிவார்கள். அவர்களுக்கு விஜய் அமிர்தராஜின் வரலாறே தக்க விடை.

1953இல் சென்னையில் பிறந்த விஜய், குழந்தைப் பருவத்தில் நுரையீரல் நோயால் நலிந்தவர். பள்ளிக்குச் செல்ல இயலாத நாட்களில் அவருடைய அன்னையார் மாகி அமிர்தராஜ் தாமே வகுப்பில் அமர்ந்து பாடங்களைக் குறித்து வந்து மகனுக்குக் கற்பித்தார். அட்டைப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றையும் அவ்வம்மையார் நடத்தி வந்தார். வெளிக் காற்றும் ஓட்டமும் வேண்டும் என்பதற்காகவே விஜய் ஆடுகளத்துக்கு அனுப்பப்பட்டார். அண்ணன் ஆனந்தும் தம்பி அசோக்கும் உடன் ஆடினர்.

அந்த நோயாளிப் பிள்ளை 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்கப் போட்டியிலும் காலிறுதியை எட்டினார். அமெரிக்காவில் அவ்வாண்டு லேவரையும், மறு ஆண்டு போர்க் என்னும் ஸ்வீடன் இளைஞரையும் தோற்கடித்தார். 1976இல் ஆனந்தும் அவரும் விம்பிள்டன் இரட்டையரில் அரையிறுதி வரை சென்றனர். 1980இல் உலக வரிசையில் 18ஆம் இடம் பெற்றார். 1981இல் விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கானர்ஸை எதிர்த்து முதலிரு செட்டுகளை வென்றும், அடுத்த மூன்றையும் இழந்து தோற்றார். புகழை மட்டும் கூறித் தோல்வியை மறைப்பது வரலாறாகாது. கிருஷ்ணனோ விஜயோ விம்பிள்டன் தனியர் பட்டத்தை வென்றாரில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள உலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் விஜயும் லியாண்டர் பயஸும் சேர்க்கப்பட்டனர். அப்பெருமையைப் பெற்ற முதல் ஆசிய ஆடவர்கள் அவ்விருவரே.

கையெட்டும் தூரத்தில் விட்ட கோப்பை

எனினும், என் அபிப்பிராயத்தில், நம்மவர் பங்கு கொண்ட டென்னிஸ் வரலாற்றில் தலையாய செயல் ஒரு வெற்றியன்று; ஆடாமல் விட்ட ஓர் ஆட்டம்.

1974இல் அமிர்தராஜ் சகோதரர்கள் முன்னின்ற இந்தியக் குழு, கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது. அம்மோதலில் ஆடப்பட்ட கேம்கள் மொத்தம் 327. டேவிஸ் கோப்பையில் அது பெரும் சாதனை. பின்னர் சோவியத் ரஷ்யாவும் வீழ்ந்தது. இறுதியில் எதிர்நின்றது தென்னாப்பிரிக்கா. கோப்பை இந்தியாவுக்கே என்று பலர் கருதினர்.

தென்னாப்பிரிக்கா அக்காலத்தில் எத்தகைய நாடு? கறுப்பர்க்கு ஒரு தெரு, வெள்ளையர்க்கு ஒரு தெரு. இவர்க்கு ஒரு பள்ளி, அவர்க்கு ஒரு பள்ளி என்று நிறத்தைச் சட்டமாக்கிய நாடு. அமெரிக்க நீக்ரோ வீரர் ஆர்தர் ஆஷ், 1968இல் அமெரிக்கப் பட்டம் வென்றவர், அங்கே சென்று ஆடவும் முதலில் அனுமதி மறுக்கப்பட்டார். அந்நாட்டு நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுள் எண்ணற்றோர் தமிழர். அவர்களும் நம்மைப் போன்றே லயங்களில் பிறந்தவர்கள். நம்மினும் கொடிய சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள்.

இந்தியா அவ்விறுதியாட்டத்தை ஆட மறுத்தது. ஆடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. விஜய்க்கு அப்போது வயது 20. வாழ்நாளில் ஒருமுறை வரும் வாய்ப்பு அவ்வாறு கைநழுவிற்று. அடுத்து இந்தியா இறுதிச் சுற்றை எட்டியது 1987இலேதான். அதிலும் வெற்றி கிட்டவில்லை. மனிதனை மனிதன் தாழ்த்தும் களத்தில் கால் வைப்பதைவிடக் கோப்பையை இழப்பதே மேல் என்று அன்று செய்த தீர்மானம் வீணாயிற்றா? தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்கள் பின்னர் ஒழிந்தன. 1994இல் அங்கே எல்லா மக்களும் வாக்களித்தனர். விளையாட்டுலகம் அந்நாட்டை ஒதுக்கி வைத்ததும் அம்மாறுதலுக்கு ஒரு காரணம்.

மகனும் மகளும்

கிருஷ்ணனின் மகன் ரமேஷ், தந்தை வென்று 25 ஆண்டுகள் கழிந்த பின், 1979இல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். பிரெஞ்சுச் சிறுவர் பட்டமும் அவ்வாண்டே அவர்க்குக் கிடைத்தது. அமெரிக்கப் போட்டியில் 1981, 1987 ஆகிய ஆண்டுகளிலும், விம்பிள்டனில் 1986இலும் காலிறுதி கண்டார். 1987இல் சிட்னியில் இரண்டு தனியர் ஆட்டங்களையும் வென்று ஆஸ்திரேலியாவை வீழ்த்தி, இந்தியாவை இறுதிக்குக் கொண்டுசென்றவர் அவரே. 1989இல் உலகின் முதல்வராயிருந்த மாட்ஸ் விலாண்டரை ஆஸ்திரேலியப் போட்டியில் தோற்கடித்தார்.

மகன்களின் கதை இவ்வாறிருக்க, மகள்கள் எங்கே என்று கேட்பது நம் கடமை. கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், 1998இல் ஆஸ்திரேலியப் போட்டியின் முதற்சுற்றில் வென்றார். 1968க்குப் பின், தொழில்முறை ஆட்டக்காரர்க்கும் வாசல் திறந்த காலத்தில், நான்கு பெரும் போட்டிகளுள் ஒன்றின் தனியர் முதன்மைப் பிரிவில் ஒரு சுற்றை வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. ஆடவர் காலிறுதியும் அரையிறுதியும் எட்டிய பல்லாண்டுகளுக்குப் பின்னரே ஒரு பெண்ணுக்கு முதற்சுற்று வெற்றி கிட்டிற்று. பெண்ணின் தோள் வலியற்றது என்பதன்று காரணம். ஆண் பிள்ளையின் கையில் மட்டையையும் பெண் பிள்ளையின் கையில் துடைப்பத்தையும் கொடுத்த நம் வழக்கமே காரணம். நிருபமாவுக்கு ஆட்டம் பயிற்றியவர் அவருடைய தந்தையார் என்பதை நம் தகப்பன்மார் மனத்திற் கொள்ளவேண்டும்.

இவ்வரலாறுகளை ஒருங்கே நோக்கினால் புலப்படுவது யாது? ஒருவர்க்குத் தந்தை ஆசானானார். ஒருவர்க்குத் தாய் மகனுக்காக வகுப்பில் அமர்ந்தார். பலமற்ற உடலும் பயிற்சியால் உலகை வென்றது. வீட்டில் துணை நிற்பவரும், நுழைய ஒரு களமும் வாய்த்தால் வித்தை வரும். பிறப்பு அதைத் தருவதுமில்லை, தடுப்பதுமில்லை. நம் பாட்டன்மார்க்குக் களம் இல்லை. இன்று சிங்கப்பூரில் பொது ஆடுகளங்களைச் சிறு கட்டணம் செலுத்தி எவரும் முன்பதிவு செய்யலாம். உன் நிறம் என்ன, ஜாதி என்ன என்று கேட்பார் இல்லை. மட்டைக்கும் பயிற்சிக்கும் பணம் வேண்டுமே என்பீர்கள். உண்மைதான், டென்னிஸ் இன்றும் ஏழைக்கு எளிதான ஆட்டமன்று. அதனாலன்றோ நம் சங்கங்கள், ஒருநாள் விழாவுக்கும் மாலை மரியாதைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும் பிள்ளைகளின் பயிற்சிக்கு ஒதுக்கவேண்டும் என்கிறோம்!

அடுத்த வாரம் அப்பெரியவரைக் கண்டு இவற்றையெல்லாம் சொன்னேன். கிருஷ்ணனின் வெற்றிகளைக் கேட்டுத் தலையசைத்தார். 1974ஆம் ஆண்டுச் செய்தியை மட்டும் மறுமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். “தாத்தா, உள்ளே வந்து பந்து போடுங்களேன்!” என்று பேத்தி அழைத்தாள். அவர் செருப்பைச் சரிசெய்துகொண்டு, வேலிக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனார்.