ஒரு அணையின் அனுமதிப் பத்திரம்



அணைக்கட்டு என்று சொன்னதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது மலையும், கல்லும், சுண்ணாம்பும், கொட்டுகிற தண்ணீரும்தான். ஆனால் முதல் கல் விழுவதற்கு முன்னால் ஒரு காகிதம் வேண்டும். ஆறு யாருடையது, நிலம் யாருடையது, தண்ணீர் யாருக்கு, எத்தனை காலத்துக்கு என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். முல்லைப் பெரியாறு அணையின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. அதைக் கட்டி முடிக்க ஏறக்குறைய எட்டு வருஷம் ஆயிற்று. கட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதியைப் பெறவோ இருபத்து நான்கு வருஷம் ஆயிற்று!

மதுரை, இராமநாதபுரம் சீமைகள் வைகையை நம்பி வாழ்ந்தவை. வைகையோ மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல்தான். அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் பெரியாறு மேற்கே திரும்பி, திருவிதாங்கூர் சமஸ்தானம் வழியாக அரபிக் கடலில் போய்ச் சேருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளம், இந்தப் பக்கம் வறட்சி. அந்தத் தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினால் என்ன?

இந்த யோசனை வெள்ளைக்காரனுக்கு முதலில் வந்தது அல்ல. 1789இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார். பணம் இல்லாமல் காரியம் நின்றது. 1808இல் கால்டுவெல் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் வந்து பார்த்து, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1850இல் சிறிய அளவில் வேலை தொடங்கி, காட்டுக் காய்ச்சலால் கைவிடப்பட்டது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் கொடுத்தார். அது காகிதத்தில் இருக்கும்போதே 1876ஆம் வருஷத்துப் பெரும் பஞ்சம் வந்துவிட்டது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னாட்டில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். பஞ்சமும் கடனும் துரத்தக் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்களில் மதுரை, இராமநாதபுரத்துக்காரர்களும் உண்டு. ஆகவே, இது எங்கோ நடந்த கதை அல்ல. நம்ம பாட்டன் பூட்டன் ஊரை விட்டு வந்த காலத்துக் கதை.

பஞ்சத்துக்குப் பிறகு சென்னை சர்க்கார் விழித்துக்கொண்டது. 1882இல் ஜான் பென்னிகுயிக் என்ற எஞ்சினியரிடம் திட்டத்தைப் புதிதாகத் தயாரிக்கும் பொறுப்பு வந்தது. திட்டம் தயார். ஆனால் அணை எழும்ப வேண்டிய இடம் திருவிதாங்கூர் மகாராஜாவின் மலை. இந்தியா முழுவதும் வெள்ளைக்காரன் கையில்தானே இருந்தது, மகாராஜாவிடம் ஏன் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கலாம். திருவிதாங்கூர் பிரிட்டிஷாருக்குக் கப்பம் கட்டியது உண்மை. ஆனாலும் நிலமும் நீரும் சமஸ்தானத்தின் உடைமை. பத்திரம் இல்லாமல் அங்கே மண்வெட்டி போட முடியாது. 1862இல் ஆரம்பித்த பேச்சுவார்த்தை 1886 அக்டோபர் 29ஆம் தேதிதான் முடிந்தது. மூலம் திருநாள் மகாராஜாவின் சமஸ்தானத்துக்கும், பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரிக்கும் இடையே குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. திருவிதாங்கூர் சார்பில் ஒப்பமிட்டவர் திவான் இராமய்யங்கார்.

அதில் என்ன எழுதியிருந்தது? ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் குத்தகை. அந்தப் பணமும் திருவிதாங்கூர் கட்ட வேண்டிய கப்பத்தில் கழித்துக்கொள்ளப்படும். காலம் 1886 ஜனவரி 1 முதல் 999 வருஷம்! வேண்டுமானால் இன்னொரு 999 வருஷத்துக்கும் நீட்டிக்கலாம். தகராறு வந்தால் நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் தோட்டத்து வீட்டுக்கு 999 வருஷக் குத்தகை என்றால் யாராவது நம்புவார்களா? அப்படி ஒரு பத்திரம் அது.

கையெழுத்தான மறு வருஷம், 1887இல், வேலை தொடங்கியது. ஆற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போயிற்று. யானையும் புலியும் திரியும் காடு. மலேரியாக் காய்ச்சல் வேறு. நோயில் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு. அவர்களை அடக்கம் செய்த இடம் இன்றும் அணைக்கு அருகில் இருக்கிறது. கல்லும், சுண்ணாம்பும், செங்கல் தூளான சுர்க்கியும் சேர்த்து 1,200 அடி நீளத்துக்கு அணை எழும்பியது. மலையில் 5,700 அடிக்கு மேல் சுரங்கம் குடைந்தார்கள். 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். மேற்கே போன தண்ணீர் கிழக்கே வந்தது. இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து நிலங்கள் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் அந்தத் தண்ணீரில் விளைகின்றன.

கட்டியாகிவிட்டது, பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதன் வேலை அப்புறம்தான் ஆரம்பம்! அதே தண்ணீரில் மின்சாரம் எடுக்கச் சென்னை சர்க்கார் விரும்பியது. பத்திரம் கொடுத்தது பாசனத்துக்குத்தானே என்று திருவிதாங்கூர் தடுத்தது. வழக்கு நடுவரிடம் போனது. 1941இல் தீர்ப்பு திருவிதாங்கூர் பக்கம் வந்தது. மின்சாரம் பற்றி வெளிப்படையாக ஒரு வார்த்தை எழுதாமல் விட்டதற்கு இத்தனை பாடு! பிறகு 1970இல் தமிழ்நாடும் கேரளமும் உட்கார்ந்து பேசிப் புது ஒப்பந்தம் செய்தன. குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆயிற்று. மீன் பிடிக்கும் உரிமை கேரளத்துக்கு, மின்சாரம் எடுக்கும் உரிமை தனிக் கட்டணத்தோடு தமிழ்நாட்டுக்கு என்று எழுதிக்கொண்டார்கள்.

1979இல் அணை பழையதாகிவிட்டது, உடைந்தால் கீழே உள்ள ஜனங்கள் என்ன ஆவார்கள் என்ற அச்சம் கேரளத்தில் எழுந்தது. அந்த அச்சத்தை நாம் கேலி செய்யக் கூடாது. ஆற்றங்கரையில் பிள்ளை குட்டிகளோடு வாழ்கிறவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கி, அணையைப் பலப்படுத்தினார்கள். மீண்டும் ஏற்றலாமா என்ற வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2014 மே 7ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 142 அடி வரை நீரைத் தேக்கலாம், 1886ஆம் வருஷத்துப் பத்திரமும் செல்லும் என்றார்கள். கையெழுத்துப் போட்ட மகாராஜாவின் ஆட்சியும் இல்லை, பிரிட்டிஷ் ஆட்சியும் இல்லை. எழுத்து மட்டும் நிற்கிறது.

இனி நம்ம கெடாவுக்கு வருவோம். மதுரைக்காரர்கள் பத்திரத்துக்குக் காத்திருந்த அதே காலத்தில் இங்கேயும் ஒரு காரியம் நடந்தது. கெடாவின் முதலமைச்சர் வான் முகமது சமான், சுல்தான் அப்துல் ஹமீதிடம் 1885இல் அனுமதி பெற்று, அலோர்ஸ்டாரிலிருந்து குரூன் வரை ஏறக்குறைய 36 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார். சதுப்பு நிலம் நெல்வயலாயிற்று. பின்னால் மூடா, பெடு என்ற இரண்டு அணைகள் எழும்பி 1970இல் நிறைவு பெற்றன. அந்த இரண்டு நீர்த்தேக்கங்களையும் மலைக்குள் குடைந்த ஆறரைக் கிலோமீட்டருக்கும் மேலான சுரங்கம் இணைக்கிறது. கெடா சமவெளியில் வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைய அதுதான் காரணம்.

நம் திகாம் பத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூடா ஆற்றையே பாருங்கள். இந்தக் கரை கெடா, அந்தக் கரை பினாங்கு. பினாங்கு தன் குடிநீரின் பெரும் பகுதியை இந்த ஆற்றில்தான் எடுக்கிறது. ஆறு எங்கள் மண்ணிலிருந்து வருகிறது, கட்டணம் தர வேண்டும் என்று கெடா கேட்கிறது. எங்கள் கரையை ஒட்டியும்தானே ஓடுகிறது என்று பினாங்கு பதில் சொல்கிறது. பெரியாற்றுக் கதையைப் படித்தவர்களுக்கு இந்த வழக்கு புதிதாகத் தோன்றாது.

தொழிலாளத் தோழர்களே, காகிதத்தின் பலத்தை நம்மைவிட அனுபவித்தவர்கள் யார்? எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோரில் பலர், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார்கள். அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் மலாயாவில் ஒழிந்தது. பிறகு 1969இல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. காலத்தில் மனுப் போடாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் எத்தனை பேர், பால் வெட்டிய தோட்டத்தை விட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று! உழைப்பு இருந்தது, உரிமைக்கு எழுத்து இல்லை.

பெற்றோர்களே, பிள்ளை பிறந்ததும் பதிவு செய்யுங்கள். அடையாள அட்டைக்கு உரிய வயதில் மனுப் போடுங்கள். கொடுத்த மனுவுக்கு ஒரு நகல், கட்டிய பணத்துக்கு ஒரு ரசீது வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். மாணவ மணிகளே, உங்கள் அப்பாவோ அம்மாவோ ஒரு தாளில் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலே அதை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்டுங்கள். புரியாத சொல் இருந்தால் ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். இன்று மேடையில் பரிசு வாங்குகிற கைகள், நாளைக்கு நம் ஜனங்களுக்காக நல்ல பத்திரங்களை எழுதுகிற கைகளாகட்டும்!