மென்பொருள் கட்டமைப்பு: ஒரு கருத்தின் சரித்திரம்

1964 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தபோது, அதனை வகுத்தவர்களான ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ், ஃபிரெட் புரூக்ஸ் ஆகிய மூவரும், நிரல் எழுதுகிறவனுக்கு ஒரு பொறி எவ்வாறு தோன்றுகிறதோ அதுவே அதன் கட்டமைப்பு என்றும், உள்ளே மின்சுற்றுகள் அமைந்திருக்கும் விதம் வேறு விஷயம் என்றும் தெளிவாகப் பிரித்துரைத்தார்கள். சிறியதும் பெரியதுமான பல பொறிகளில் ஒரே நிரல் ஓடுவதற்கு இந்தப் பிரிவினையே ஆதாரமாயிற்று. 1969இல் ரோமாபுரியில் நேட்டோவின் ஆதரவில் கூடிய மாநாட்டில், மென்பொருளிலும் பொறியியல் வேறு, கட்டமைப்பு வேறு என்று ஐயன் ஷார்ப் வற்புறுத்தினார்.

ஆனால் விஷயத்தின் மர்மத்தைத் தொட்டவர் டேவிட் பார்னஸ் என்பதே என் அபிப்பிராயம். 1972இல் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மிக எளியது: சில வரிகளை வாங்கி, ஒவ்வொன்றின் முதற்சொல்லையும் கடைசிக்குத் தள்ளித் தள்ளிப் பல வரிகளாக்கி, யாவற்றையும் அகரவரிசையில் தரும் ஒரு சொல்லடைவு. வாங்குதல், சுழற்றுதல், அடுக்குதல், அச்சிடுதல் என்று வேலை நடக்கும் கிரமப்படியே பகுதிகளை வகுத்தால், வரிகளை நினைவகத்தில் வைக்கும் முறை மாறிய மாத்திரத்தில் அத்தனை பகுதிகளையும் திருத்த நேரிடும். அந்த ரகசியத்தை ஒரே பகுதிக்குள் அடைத்துவிட்டாலோ, மாற்றம் அதன் வாசலைத் தாண்டாது. நாளை எது மாறக்கூடும் என்று யோசித்து, அதை மறைத்து வைக்கும்படி பகுப்பதே உத்தமம் என்று அவர் நிரூபித்தார்.

புரூக்ஸ் 1975இல் எழுதிய ஒரு நூலில், அமைப்பு முழுவதும் ஒரே சிந்தனையின் வார்ப்பாக இருத்தல் என்னும் கருத்தொருமையின் மேன்மையை எடுத்துரைத்தார். எனினும் முறையான இலக்கணம் பிறக்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு டூவேன் பெர்ரியும் அலெக்சாண்டர் உல்ஃபும், உறுப்புகள், வடிவம், காரணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கட்டமைப்பு என்றார்கள். மூன்றாவதைச் சேர்த்ததுதான் விசேஷம். பழைய நிரலைத் திருத்தப் புகுகிறவனுக்கு, உறுப்பும் வடிவமும் பாடுபட்டுப் படித்தால் புலப்பட்டுவிடும்; வேறு வழிகளையெல்லாம் தள்ளி இவ்வழியைக் கொண்டது ஏன் என்பதோ பெரும்பாலும் எந்த வரியிலும் இராது; அதை அறியாமல் அவன் கைவைக்கும் இடத்தில்தான் விபரீதங்கள் விளைகின்றன.

2000ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. 1471 என்னும் நியமம், பகுதிகள், அவை தம்முள்ளும் சூழலோடும் கொள்ளும் உறவுகள், வடிவமைப்பையும் வளர்ச்சியையும் நடத்தும் கொள்கைகள் என்று இலக்கணம் வகுத்தது. அந்த வாசகத்தில் காரணம் என்ற சொல் இல்லை. ஆயினும், கட்டமைப்பை விவரித்து எழுதுகிறவர் தாம் தேர்ந்தவற்றுக்குக் காரணத்தையும் எழுதியே தீரவேண்டும் என்று அதே நியமம் கட்டளையிட்டது.