முள் காட்டியதும் செவி கேட்டதும்

வானொலி நிலையத்தில் பேச அமர்பவரிடம், பேச்சைத் தொடங்குமுன், "ஐயா, இரண்டு வரி படித்துக் காட்டுங்கள்" என்று கேட்பது வழக்கம். கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் அப்பொழுது நம் கருத்தைக் கவனிப்பதில்லை. தம் எதிரேயுள்ள மானியில் ஏறி இறங்கும் முள்ளையோ, இக்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஒளிக்கோட்டையோதான் கவனிக்கிறார். அது எல்லை கடந்தால் குரல் சிதைந்து கரகரக்கும்; மிகத் தாழ்ந்தால் இரைச்சலில் அமிழ்ந்துபோகும். ஆனால் அம்மானி அளப்பது நம் செவி கேட்பதைத்தானா? இவ்வினாவுக்கு உலகம் ஒப்பிய ஒரு விடை கிடைக்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இவ்வரலாறு தொடங்குவது வானொலியில் அன்று, தொலைபேசிக் கம்பியில். அமெரிக்கப் பொறியாளர், ஒரு மைல் நீளமுள்ள குறிப்பிட்ட கம்பியைக் கடக்கையில் பேச்சு எவ்வளவு வலுவிழக்கிறதோ அதனையே அலகாக வைத்திருந்தனர். கம்பியோ தாழ்ந்த சுருதியைக் குறைவாகவும் உயர்ந்த சுருதியை மிகுதியாகவும் மெலிவித்தது. பொருளுக்குப் பொருள் நீளம் மாறும் முழக்கோலை வைத்துக்கொண்டு துணி விற்பது எவ்வாறு? ஆதலின் 1924இல் பெல் நிறுவனத்தார் அக்கம்பியைக் கைவிட்டு, இரு திறன்களின் விகிதத்தையே அளவாகக் கொண்டனர். 1928இல் அதற்கு டெசிபெல் என்ற பெயர் அமைந்தது. திறன் பத்து மடங்கானால் 10 டெசிபெல்; நூறு மடங்கானால் 20; ஆயிரம் மடங்கானால் 30. வகுப்பில் மாணவர் முகம் சுளிக்கும் மடக்கைக் கணக்குத்தான் இது. செவிக்கு அரிதாகப் புலனாகும் ஓசைக்கும் நோவு தரும் ஓசைக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இலட்சங்கோடி மடங்கு. மடக்கையின் உதவியால் அது வெறும் 120 டெசிபெலாகச் சுருங்கிவிடுகிறது.

பின்னர் வானொலி நிலையங்களைத் தொலைபேசிக் கம்பிகள் ஒரு வலையாகப் பிணைத்தன. நியூயார்க்கில் நிகழும் கச்சேரி கண்டத்தின் மறுகரை வரை சென்றது. ஆனால் நிறுவனத்துக்கு ஒரு மானி, மானிக்கு ஒரு தொடக்க அளவு என்றிருந்தது. அனுப்பியவர் தம் முள்ளைக் காட்டிச் சரி என்பார். பெற்றவர் தம் முள்ளைக் காட்டிப் பிழை என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை! பெல் ஆய்வுக்கூடமும், என்.பி.சி., சி.பி.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனங்களும் கூடி ஆராய்ந்து, 1939 மே மாதம் 'வி.யூ.' மானியை ஏற்றன. 600 ஓம் தடையில் ஒரு மில்லிவாட் என்பது பொதுத் தொடக்கமாயிற்று. நொடிக்கு 1000 அதிர்வுள்ள சீரான ஓசையை அனுப்பி, இரு முனையிலும் மானியை ஒத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தது. முள் தன் நிலையை எய்த ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு காலம் எடுத்துக்கொள்ளும். இந்தச் சோம்பல் வேண்டுமென்றே வைத்தது. கணநேர உச்சங்களைத் துரத்தாமல் சொல்லின் அசைவுகளை அது தொடர்ந்தது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தார் வேறு வழி சென்றனர். அவர்கள் மானியின் முள் உச்சத்துக்கு விரைந்து தாவி, மெல்ல இறங்கும். கறுப்புத் தட்டில் 1 முதல் 7 வரை வெள்ளை எண்கள். கருவியைக் காக்க அதுவே மேல் என்பது என் கருத்து.

செவியைக் காப்பதற்கு இரண்டுமே போதா. செவிக்குப் புலனாகும் ஓசையின் வன்மையைப் பௌதிக நூலார் உரப்பு என்பர். வி.யூ. மானி பிறப்பதற்கு ஆறு ஆண்டு முன்னரே, 1933இல், அதே பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் உரப்பை ஆராய்ந்து வரைபடம் வெளியிட்டிருந்தனர். ஒரே செறிவுள்ள ஒலிகளுள் தாழ்ந்த சுருதி செவிக்கு மெலிந்து கேட்கும். ஓசையைக் குறைக்கக் குறைக்க அது இன்னும் மெலியும். வானொலியின் ஓசையைத் தணித்துப் பாருங்கள்: பாடகர் குரல் நிற்க, மிருதங்கத்தின் தொப்பி முதலில் மறையும். முள்ளோ இவ்வேறுபாட்டை அறியாது.

இக்குருட்டுத்தன்மையை நன்கு பயன்படுத்திக்கொண்டவர்கள் விளம்பரம் செய்வோர். உச்சத்தை அப்படியே விட்டு, மெல்லிய பகுதிகளை எல்லாம் உயர்த்தி நெருக்கிவிட்டால், முள் எல்லைக்குள் நிற்கும். வீட்டிலிருப்பவர் மட்டும் எழுந்தோடிப் பெட்டியின் திருகைத் திருப்புவார். 1965இல் அமெரிக்கத் தொடர்பு ஆணையம் உரத்த விளம்பரங்கள் பற்றிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. சி.பி.எஸ். ஆய்வுக்கூடத்தில் பாவரும் டோரிக்கும் உரப்பையே அளக்கும் மானி ஒன்றை ஆக்கினர். ஆயினும் உலகம் அதனை ஏற்கவில்லை. இதற்கிடையே இசைத்தட்டு வெளியிடுவோரும் அப்பந்தயத்தில் இறங்கினர். மென்மையாய்த் தொடங்கி ஓங்கும் பாட்டு, முதலிலேயே ஓங்கி நின்றது. இதுவே பெரிய இழப்பு என்பேன்; தாழ்ந்த குரல் இல்லாத இடத்தில் உயர்ந்த குரலுக்கு ஏது பொருள்?

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட முறைதான் செவியை மானிக்குள் புகுத்தியது. ஒலி முதலில் ஒரு வடிகட்டி வழியே செல்லும்; அது தாழ்ந்த அதிர்வுகளைத் தணித்து உயர்ந்தவற்றைச் சற்றே ஏற்றும். பின்னர் திறனின் சராசரி, நிகழ்ச்சி முழுவதற்கும் கணக்கிடப்படும். மௌனத்தை இடையிடையே சேர்த்துச் சராசரியைக் குறைத்துக்காட்டும் சூழ்ச்சிக்கும் பின்னர் வழி அடைக்கப்பட்டது. மௌனப் பகுதிகள் கணக்கில் சேர்வதில்லை. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம், நிகழ்ச்சி யாதாயினும் சராசரி உரப்பு, கருவி ஏற்கும் உச்ச எல்லைக்கு 23 அலகு கீழே நிற்கவேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கென அதே ஆண்டில் இயற்றிய சட்டம் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இம்முறையில் நெருக்கிப் பிசைந்த விளம்பரம் தன் சராசரிக்கேற்பக் கீழே இறக்கப்படும். உச்சங்களை இழந்திருப்பதால், அடுத்து வரும் இசைக்குழுவின் முழக்கத்துக்கு முன் அது சப்பென்று கேட்கும்.